பச்சைக் கட்டம் தெரிந்தால் கை வைக்காதீர்கள்

கேள்வி: சோமனூரில் தறி ஓட்டுகிறேனுங்க. கூலிக் கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் 2018-இல் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டரில்தான். ஐ5-8400, 8 ஜிபி ராம். விண்டோஸ் 11 போடப் போனால் ‘இதில் ஓடாது’ என்கிறது. புதுசு வாங்கித்தான் ஆகோணுங்களா?

பதில்: வேண்டியதில்லைங்க. உங்களுடையது எட்டாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 கேட்கும் பட்டியல் அங்கேதான் தொடங்குகிறது. 4 ஜிபி ராம் போதும் என்கிறார்கள், உங்களிடம் 8 இருக்கிறது. இடிப்பது பெரும்பாலும் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் காவல்) இரண்டும்தான். டிபிஎம் என்றதும் தனி சிப் வாங்க ஓட வேண்டாம். கம்ப்யூட்டரைப் போட்டதும் டெலிட் கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ், அதாவது மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை, திறக்கும். அதில் ‘பிடிடி’ (PTT) என்று ஒன்று அணைந்து கிடக்கும், இன்டெல் உள்ளேயே வைத்திருக்கும் டிபிஎம் அதுதான். அதை எனேபிள் செய்தால் டிபிஎம் தயார்.

செக்யூர் பூட்தான் கொஞ்சம் வம்பு. யுஇஎஃப்ஐ (UEFI) என்ற புதிய பூட் முறையில்தான் அது வேலை செய்யும், லெகசி என்ற பழைய முறையில் செய்யாது. விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் ‘பயாஸ் மோட்’ எதிரே லெகசி என்று இருந்தால், அவசரப்பட்டு அதை யுஇஎஃப்ஐக்கு மாற்றிவிடாதீர்கள். விண்டோஸ் பூட்டே ஆகாது. முதலில் டிஸ்க்கை எம்பிஆர் (MBR) என்ற பழைய பார்ட்டிஷன் அமைப்பிலிருந்து ஜிபிடி (GPT) என்ற புதியதற்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் 10-லேயே அதற்கு ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கருவி இருக்கிறது, டேட்டா அழியாது. ஆனால் நம்ம ஊர் அசெம்பிள் கடைகளில் ஒரே டிஸ்க்கை சி, டி, ஈ என்று கூறு போட்டுத்தான் கொடுப்பார்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். டி, ஈ இரண்டையும் சுற்றிப் பச்சைக் கட்டம் தெரிந்தால் அது எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன், அதாவது பல டிரைவ்களை உள்ளடக்கிய பழைய வகைப் பார்ட்டிஷன். இந்தக் கருவி அதைத் தொடாது.

அப்படி இருந்தால் பார்ட்டிஷனை அழித்து விளையாட வேண்டாம். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, யுஇஎஃப்ஐக்கு மாற்றி, புதியதில் விண்டோஸ் 11 போடுங்கள். முடிந்ததும் பழையதை மாட்டிக்கொள்ளலாம். டேட்டாவுக்கு மட்டும் என்றால் எம்பிஆராகவே இருந்துவிட்டுப் போகட்டும். வேகம் கூடுவது லாபக் கணக்கு. கேபினெட்டைத் திறந்த கையோடு ஃபேனில் அப்பியிருக்கும் பஞ்சையும் ஊதிவிடுங்கள். தறிக்கூடத்துக் கம்ப்யூட்டர் பாதி நேரம் திணறுவது அதனால்தான்.

டேலி வைத்திருந்தால் இதற்கெல்லாம் முன்பே லைசென்ஸை சரண்டர் செய்து, டேட்டா ஃபோல்டரை பென் டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். யுபிஎஸ் பேட்டரி நிற்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியில் கரண்ட் போனால் தலைவலி.

கேள்வி: எங்களுடையது நான்காம் தலைமுறை ஐ3. பிராசசரை மட்டும் மாற்றினால் விண்டோஸ் 11 போடலாமா? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: முடியாதும்மா. அந்த போர்டின் சாக்கெட்டில் எட்டாம் தலைமுறை உட்காராது. சோதனையை ஏமாற்றிப் போடும் குறுக்குவழிகள் உண்டு. ஆனால் அப்டேட் வருமென்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் அதை நான் செய்ய மாட்டேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். பிள்ளைகள் படிக்க, பிரவுசர் பார்க்க மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடுங்கள். அந்த ஐ3-க்கு அது தாராளம்.