உயிரியல் படிக்காதவர் உயிர்மருத்துவப் பொறியியலை எங்கே தொடங்குவது?

கேள்வி: பள்ளியில் நான் உயிரியல் படிக்கவில்லை. உயிர்மருத்துவப் பொறியியல் என்றால் என்னவென்று ஆர்வத்துக்காகக் கற்க ஆசை. எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

பதில்: தடித்த உடற்கூறியல் புத்தகம் எதையும் இப்போது வாங்காதீர்கள். இதயமுடுக்கி, செயற்கை மூட்டு, டயாலிசிஸ், ஸ்கேன் என்று இத்துறை பரந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் மேய்வதைவிட ஒரே ஒரு கருவியை அடிவரை துருவிப் பார்ப்பதே நல்லது என்பேன். கோவிட் காலத்தில் பலரும் விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று பார்த்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிளிப்பின் ஒரு பக்கம் சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகள். மறுபக்கம் ஒளி உணரி. இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பொளியைக் குறைவாக உறிஞ்சும், அகச்சிவப்பைக் கூடுதலாக உறிஞ்சும். ஆக்ஸிஜன் இறங்கியது இதற்கு நேர்மாறு. சரி, தோலும் எலும்பும் கூடத்தானே ஒளியை விழுங்கும்? அங்கேதான் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி வருகிறார். இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைச் சாயம் செலுத்தி ஒளியால் கணக்கிட முயன்றவருக்கு, நாடித்துடிப்பால் வந்த ஏற்ற இறக்கம் பெருந்தொல்லையாக இருந்தது. அதை நீக்கப் போனபோதுதான் பொறி தட்டியது: துடிப்போடு சேர்ந்து மாறுவது தமனி (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்) இரத்தம் மட்டுமே, மாறாததையெல்லாம் கழித்துவிடலாம். 1974-இல் இதை வெளியிட்டார். அவர் படித்தது மின்பொறியியல்!

ஆனால் துடிக்கும் அந்த இரத்தம் இரண்டு ஒளிகளையும் உறிஞ்சும் விகிதத்தை ஆக்ஸிஜன் சதவீதமாக்கச் சூத்திரம் மட்டும் போதாது. ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்ஸிஜனைச் சுவாசிக்க வைத்து, இரத்த மாதிரியோடு ஒப்பிட்டு அட்டவணை போடுகிறார்கள். ஓரளவுக்குக் கீழே யாரையும் கொண்டுபோக முடியாது என்பதால், 70 சதவீதத்துக்குக் கீழே கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. விரல் சில்லிட்டாலும், நகப்பூச்சு இருந்தாலும் தடுமாறும். கறுத்த தோலில் சில சமயம் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். இது இன்னும் முழுதாகத் தீராத சிக்கல். கருவி எங்கே தவறும் என்று கேட்டுக்கொண்டே போனால், தேவையான உயிரியல் தானாக வந்து சேரும்.

அப்புறம் ஒரு சோதனை. கைப்பேசி டார்ச்சை எரியவிட்டு, பக்கத்திலுள்ள கேமராவை விரலால் லேசாக மூடி வீடியோ எடுங்கள். சிவப்புத் திரை துடிப்புக்கேற்ப மெல்ல மங்கித் தெளியும். டார்ச் சுட்டால் விரலை எடுத்துவிடுங்கள். அழுத்திப் பிடித்தால் துடிப்பு மறைந்துபோகும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.