வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யலாமா?

கேள்வி: ஊத்தங்கரையில் தாழ்வான தெருவில் குடியிருக்கிறோம். ராத்திரி பெய்த மழையில் வாசலில் நின்ற பைக் சீட் வரை மூழ்கிவிட்டது. இப்போது தண்ணீர் வடிந்துவிட்டது. நாலு உதை உதைத்தால் ஓடிவிடும் என்கிறான் தம்பி. வண்டி வாங்கி இரண்டரை வருஷம்தான் ஆகிறது. 5 வருஷ இன்சூரன்ஸ் போட்டிருக்கிறது. கிளெய்ம் கிடைக்குமா?

பதில்: முதலில் தம்பியைத் தடுத்து நிறுத்துங்கள். சாவியைக்கூடப் போட வேண்டாம். ஏர் ஃபில்டர் வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கலாம். பிஸ்டனால் காற்றை அழுத்த முடியும், தண்ணீரை முடியாது. எஞ்சின் சுற்ற ஆரம்பித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும் ஆபத்து உண்டு. ஆயிலை மாற்றிச் சுத்தம் செய்வதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, எஞ்சினையே பிரிக்கும் வேலையாகிவிடும். தண்ணீரில் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சர்வேயர் (சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் ஆள்) எழுதிவிட்டால், எஞ்சின் புரொடெக்ட் என்ற எஞ்சின் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பைச் சேர்க்காத பாலிசியில் அந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தள்ளியோ ஏற்றியோ ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போனது உறுதி.

இனி இன்சூரன்ஸ். அந்த 5 வருஷத்தை நம்பித்தான் பலர் ஏமாந்து நிற்கிறார்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு 5 வருஷ தேர்டு பார்ட்டி கட்டாயம். அது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கு மட்டும். வெள்ளத்தில் உங்கள் வண்டிக்கு வந்த சேதத்துக்கு ஓன் டேமேஜ் வேண்டும். வாங்கும்போது அதைப் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் போட்டுக் கொடுப்பார்கள். பாலிசித் தாளில் இரண்டுக்கும் தனித்தனி முடிவுத் தேதி அச்சாகியிருக்கும். உடனே எடுத்துப் பாருங்கள்.

ஓன் டேமேஜ் உயிரோடு இருந்தால் கிளெய்ம் உண்டு. கழுவுவதற்கு முன்பே நம்பர் பிளேட்டும் சேற்றுத் தடமும் தெரிய போட்டோ எடுங்கள். இன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, கிளெய்ம் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வேயர் பார்க்கும் வரை எதையும் பிரிக்க விடாதீர்கள். மக்கள் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லும் ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் பாதுகாப்பு) இல்லாவிட்டால், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும்.

ஓன் டேமேஜ் காலாவதியாகியிருந்தால் இந்த முறை கைக்காசுதான். இப்போது எடுக்கும் பாலிசி நடந்துவிட்ட சேதத்துக்குச் செல்லாது. ஆனால் ஓன் டேமேஜை மட்டும் தனியாக எடுக்கும் வசதி 2019 முதல் இருக்கிறது. 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் மழையில் உங்கள் ஊரில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ரோட்டோரம் நின்ற கார்களும் வேன்களும் அடித்துப் போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு வெறும் தேர்டு பார்ட்டியோடு வண்டி ஓட்டாதீர்கள்.

கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே தராவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

கேள்வி: அரூரில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்து ஃபிரிட்ஜ் நனைந்துவிட்டது. வாரண்டி இருக்கிறது. மாற்றித் தருவார்களா?

பதில்: மாட்டார்கள். வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான். ஆனால் வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் பேங்க் ஃபைலைப் புரட்டுங்கள். கடனோடு வீட்டு இன்சூரன்ஸும் போட்டிருக்கலாம். 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி என்றால் வெள்ளச் சேதம் அதில் அடங்கும். கட்டடத்துக்குப் போட்ட தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம், வீட்டுச் சாமான்களுக்கும் சேரும். வாடகை வீடு என்றால் சாமான்களுக்கு மட்டும்கூட எடுக்கலாம்.

வெளியே காய்ந்துவிட்டது என்று பிளக்கைச் சொருகாதீர்கள். கம்ப்ரஸர் கீழேதான் இருக்கிறது. மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொல்லட்டும். மீட்டர் பெட்டியும் நனைந்திருந்தால் அதைத் தொடாமல் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.