நந்தினி நிஜமா?

கேள்வி: பள்ளி நாட்களில் கண் விழித்துப் படித்த சரித்திர நாவல்களை ஐம்பது வயதில் மீண்டும் எடுத்தேன். சதிகாரர்கள் கூடும் இடத்துக்கெல்லாம் கதாநாயகன் தற்செயலாக வந்து சேர்கிறான். நாயகியின் அழகை வர்ணிப்பதிலேயே பக்கங்கள் தீர்கின்றன. சரித்திரமும் இஷ்டத்துக்கு வளைகிறது. ஆனாலும் கீழே வைக்க மனமில்லை. குறைகள் தெரிந்தும் ரசிப்பது சரிதானா? ‘பொன்னியின் செல்வனில் வரும் நந்தினி நிஜமா அம்மா?’ என்று மகள் கேட்டபோதும் பதில் சொல்லத் திணறினேன்.
— ஒரு வாசகி

பதில்: தாராளமாக ரசியுங்கள். நீங்கள் சொல்லும் குறைகள் உண்மைதான். அவற்றில் பாதி, அந்த நாவல்கள் பிறந்த விதத்திலேயே ஒட்டிக்கொண்டவை. கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் வந்த தொடர்கதை. அடுத்த இதழ் வரும்வரை வாசகரைத் தவிக்கவிட வேண்டும் என்பதற்காக, இருட்டில் ஏதோ காலடிச் சத்தம் கேட்கும் இடத்தில் அத்தியாயத்தை நிறுத்துவது தொடர்கதைக்காரர்களின் வழக்கம். ஒரு வாரம் காத்திருந்து படித்தவருக்கு உறுத்தாத தற்செயல்கள், ஐந்து பாகங்களையும் ஒரே மூச்சில் படிக்கும்போது சோற்றில் கல்லாகக் கடிபடுகின்றன. நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள், பழைய ருசி திரும்பும்.

வர்ணனை விஷயத்தில் நான் சமாதானம் சொல்ல மாட்டேன். போர் வாசலில் நிற்கும் வேளையிலும் பெண்ணைத் தலை முதல் கால் வரை அளந்துகொண்டிருக்கும் அத்தியாயங்கள் அன்றைய சரித்திர நாவல்களில் ஏராளம். அந்தப் பக்கங்களை நான் தயக்கமின்றித் தாண்டிவிடுகிறேன். கதைக்கு எந்த நஷ்டமும் வருவதில்லை.

ஆனால் காதலையே குறையாக எண்ணிவிடாதீர்கள். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய நிலங்களும் உறவினர்களுடைய நிலங்களும் பறிக்கப்பட்டதைப் பதிவு செய்கிறது. ஏன் கொன்றார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. பாண்டியன் தலையைக் கொண்டவன் என்ற பட்டம் அந்த இளவரசனுக்கு இருந்ததை மட்டும் கல்வெட்டுகளால் அறிகிறோம். வெட்டுண்ட அந்தத் தலைக்காக ஒரு பெண் அழுதிருந்தால் என்ற கற்பனையிலிருந்துதான் கல்கியின் நந்தினி எழுந்து வருகிறாள். பாண்டிய மன்னன் வீரபாண்டியனுக்காக அவள் கரிகாலனிடம் மன்றாடுவதும், அவன் அதைப் பொருட்படுத்தாமல் வாளை வீசுவதும் கற்பனை என்று தெரிந்த பிறகும் அந்த இடம் என் மனத்தை உலுக்கத் தவறியதில்லை. ஓர் அரசியல் கொலைக்குப் பின்னால் மனிதர்கள் இருந்திருப்பார்கள் என்பதைக் கல்லில் பொறித்த தண்டனையைவிட அவளுடைய ஆத்திரமே எனக்கு நெருக்கமாக உணர்த்தியது.

ஒரு கவலை மட்டும் எனக்கு உண்டு. நாவலில் வந்ததையே சோழர் வரலாறு என்று பேசுபவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். நாவலை முடித்ததும் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றில் அதே காலத்தைச் சொல்லும் பகுதியைப் படியுங்கள். எது கிடைத்த சான்று, எது ஆசிரியர் நெய்தது என்று பிரித்துப் பார்ப்பதே தனி இன்பம்.

உங்கள் மகளிடம், நந்தினி கல்கி படைத்த பெண் என்று சொல்லுங்கள். அவளைச் சுற்றி நின்று சதி செய்த ரவிதாசனின் பெயரோ உடையார்குடிக் கல்லில் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். அடுத்த கேள்வியை அவளே கேட்பாள்.