வெப்சைட் வேலை குறைந்துவிட்டது, கொழும்புக்குப் போகலாமா?

கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஆறு வருடமாக வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் இணையத்தளங்கள் செய்து கொடுக்கிறாராம், உள்ளூர்க் கடைகளுக்கும் லண்டன், பாரிஸ், ரொறன்ரோவில் உள்ள எங்கட ஆட்களின் கடைகளுக்கும். முன்பு மாதத்துக்கு ஒன்று இரண்டு வரும், இந்த ஆறு மாதத்தில் மொத்தமே இரண்டு. கேட்டால் "பேஸ்புக் பக்கம் காணும்" என்கிறார்கள், இல்லாவிட்டால் "மருமகன் ஏஐயில் செய்து தந்துவிட்டான்" என்கிறார்கள். தொழிலை விட்டுவிட்டுக் கொழும்பில் வேலை தேடலாமா என்பது கேள்வி.

தம்பி, பஸ் ஏற முதல் ஒரு கொப்பியை எடுத்து, இதுவரை செய்து கொடுத்த தளங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். நூறுக்குக் கிட்ட வரும். பிறகு ஒவ்வொன்றாகப் போனில் திறந்து பாருங்கள், வீட்டு வைபையில் வேண்டாம், டேட்டாவில், முடிந்தால் முழங்காவில், அக்கராயன் பக்கம் போய் நின்று பாருங்கள்.

போன கிழமை பரந்தன் பக்கம் ஓர் அரிசி ஆலையின் தளத்தை முதலாளியின் போனிலேயே திறந்து காட்டினேன். கமராவில் எடுத்தபடியே ஏற்றிய 5 எம்பி படம், திரை வெள்ளையாகவே நின்றது. ஒருவழியாகத் தொலைபேசி இலக்கம் வந்தது, அதுவும் படத்துக்குள் எழுதிய இலக்கம், தட்டினால் அழைப்புப் போகாது. அவர் தன் இலக்கத்தைத் தானே மூன்று தரம் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப ஆர் தம்பி எனக்கு எடுக்கப் போறது?" என்றார். தொடர்புப் படிவத்தில் நான் அனுப்பிய சோதனைச் செய்தி ஸ்பாமுக்குள் கிடந்தது, அதற்குக் கீழே உண்மையாக நெல் விலை கேட்டு வந்த செய்திகளும் கிடந்தன.

இந்தப் படிவப் பிரச்சினை நிறையத் தளங்களில் இருக்கிறது. 2024 பெப்ரவரியில் கூகுளும் யாகூவும் மின்னஞ்சல் அனுப்புவோருக்கான விதிகளை இறுக்கின. டொமைனில், அதாவது கடையின் இணைய முகவரியில், எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் (கடிதம் உண்மையாக அந்த டொமைனில் இருந்துதான் வருகிறது என்று காட்டுபவை) இல்லாமல், அனுப்புநர் இடத்தில் படிவத்தை நிரப்பும் வாடிக்கையாளரின் முகவரியையே போட்டு அனுப்பும் பழைய படிவங்களின் கடிதங்கள் ஸ்பாமுக்குப் போகும், அல்லது போய்ச் சேரவே சேராது. அனுப்புநராகக் கடையின் டொமைன் முகவரியையும், பதில் போகும் இடத்தில் வாடிக்கையாளரின் முகவரியையும் போட்டு, அந்த இரண்டு பதிவுகளையும் சேர்த்தால் பெரும்பாலும் சரி. அரை நாள் வேலைதான், ஆனால் இதை மருமகன் செய்திருக்க மாட்டார்.

பக்கம் கட்டுகிற வேலைக்குப் பழைய விலை இனித் திரும்பி வராது என்றுதான் நான் நினைக்கிறேன். கட்டியதைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை, நீங்கள் விற்க வேண்டியது அதை. தளத்தின் காப்புப் பிரதி எடுப்பது, பிளகின்களை (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருட்களை) புதுப்பிப்பது, வேர்ட்பிரஸ் ஓடும் பிஎச்பி மொழியின் பதிப்பை உயர்த்துவது (8.1க்கான ஆதரவு 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது), டொமைன் முதலாளியின் பெயரில்தான் இருக்கிறதா, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று பார்ப்பது, கூகுள் வரைபடத்தில் கடையின் நேரமும் இலக்கமும் சரியா என்று பார்ப்பது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்த விலைப்பட்டியலையும் அறிவித்தலையும் யூனிகோடுக்கு மாற்றிப் போடுவதும் இதற்குள் வரும், அப்படி மாற்றாத தமிழைத் தேடுபொறி தமிழாகவே வாசிக்காது. ஏஐயை நீங்களும் பாவியுங்கள், கோட் எழுதட்டும், ஆனால் வரிக்கு வரி வாசித்துப் பார்க்காமல் ஒருவரின் தளத்தில் ஏற்றாதீர்கள்.

காசு வாங்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். ஆலைக்காரரிடமும் உரம், கிருமிநாசினிக் கடைக்காரரிடமும் மாதாமாதம் கேட்டால் இழுபடும், வன்னியில் காசு அறுவடையோடுதான் புழங்குகிறது. காலபோக நெல் விற்ற கையோடு, பங்குனிக்குள், வருடத்துக்கு உரியதை ஒரேயடியாகக் கேளுங்கள். வெளிநாட்டுக் கடைகளிடம் மாதாமாதம் வாங்கலாம்.

பாரிஸ் கடைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் விற்கும் தளங்களைப் பார்வையற்றோரும் பாவிக்கக் கூடியதாக வைத்திருக்க வேண்டும் என்ற ஐரோப்பியச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலைசெய்யும், வருட வரவு 20 லட்சம் யூரோவைத் தாண்டாத சேவை நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே சின்னக் கடைக்காரரைச் சட்டம் சொல்லிப் பயமுறுத்திக் காசு கேட்காதீர்கள். பெரிய கடை என்றால் நேராகச் சொல்லி வேலையைக் கேளுங்கள்.

கொழும்பு எங்கும் போய்விடாது, மூன்று மாதம் இதைச் செய்து பார்த்துவிட்டு யோசியுங்கள். இன்று இரவே கொப்பியில் பிழை கண்ட முதல் உள்ளூர்க் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், விலை ஒன்றும் போட வேண்டாம்: "அண்ணை, உங்கட சைட்டைப் போனில திறந்து பார்த்தனான், ஓடர் வாற படிவம் வேலை செய்யேல்லை. நாளைக்குக் கடைக்கு வந்து காட்டட்டோ?"