பயணத் தொழுகையும் பாக்கித் தொழுகையும்: வாசகர் கேள்வி பதில்

மாம்பழ சீசனும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து வந்தால் நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் பாதிப் பேர் ரோட்டில்தான் இருப்பார்கள். இந்த மாதம் வந்த கடிதங்களிலும் அதுதான் தெரிகிறது, முக்கால்வாசி பயணத் தொழுகை பற்றியவை, மீதி விட்டுப்போன தொழுகை பற்றியவை. இங்கே ஹனஃபி மத்ஹபினர் (மத்ஹப் என்றால் மார்க்கச் சட்டப் பிரிவு) அதிகம் என்பதால் முதலில் அந்தச் சட்டத்தைச் சொல்கிறேன், ஷாஃபியீயில் மாறும் இடங்களில் அதையும் சொல்கிறேன். நீங்கள் எந்த மத்ஹபோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கு ஒன்று, நாட்களுக்கு இன்னொன்று என்று வசதிப்படி பொறுக்க வேண்டாம்.

அஸ்ஸலாமு அலைக்கும் ஹஜ்ரத். லாரி ஓட்டுகிறேன். இங்கிருந்து கிரானைட், மாம்பழக் கூழ் ஏற்றிக்கொண்டு மும்பை, சூரத் வரை போவேன். மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வண்டியில்தான். இதுவே பிழைப்பாகிவிட்ட பிறகும் நான் பயணியா? திரும்பி வர லோடு கிடைக்காமல் ஒரே இடத்தில் கிடந்தால் என்ன செய்வது? லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாமா?
— காவேரிப்பட்டினம் வாசகர்

வ அலைக்கும் ஸலாம் பாய். ஆமாம், நீங்கள் பயணிதான். ஆண்டு முழுக்க ஓட்டினாலும் ஒவ்வொரு ஓட்டமும் ஒரு பயணம், தொழிலாகிவிட்டது என்பதற்காகச் சலுகை போய்விடாது. உங்கள் ஊரின் வீடுகள் முடியும் இடத்தைத் தாண்டியதும் கஸ்ர், அதாவது சுருக்கித் தொழுவது, ஆரம்பம், வீட்டில் பெட்டி கட்டும்போதே அல்ல. நபி (ஸல்) அவர்கள் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது மதீனாவில் லுஹரை நாலாகத் தொழுதார்கள், ஊருக்கு வெளியே துல்ஹுலைஃபா போய்ச் சேர்ந்ததும் அஸரை இரண்டாகத் தொழுதார்கள் என்று அனஸ் (ரலி) சொல்வது புகாரியில் இருக்கிறது. லுஹர், அஸர், இஷா மூன்றும் நாலு ரக்அத்துக்குப் பதில் இரண்டு. சுபுஹும் மஃரிபும் அப்படியே. வித்ரை விடக்கூடாது, சுபுஹின் முன் சுன்னத்தையும் முடிந்தவரை விடாதீர்கள், மற்ற சுன்னத்துகள் நேரம் இருந்தால் தொழலாம், வண்டி கிளம்பும் அவசரம் என்றால் விடலாம்.

ஹனஃபியில் இது விருப்பப்பட்டால் செய்வது அல்ல, வாஜிபு, அதாவது கட்டாயம். 'நாலு தொழுதால் நன்மை கூடுமே' என்று வேண்டுமென்றே நாலு தொழுவது குற்றம். மறந்து நாலு தொழுது, இரண்டாம் ரக்அத்தில் அத்தஹிய்யாத்துக்கு உட்கார்ந்திருந்தால் கடைசியில் ஸஜ்தா ஸஹ்வு (மறதிக்கான ஸஜ்தா) செய்யுங்கள், ஃபர்ளு (கடமைத் தொழுகை) நிறைவேறிவிடும். ஷாஃபியீயில் நாலாகத் தொழவும் அனுமதி உண்டு, சுருக்குவதாக இருந்தால் தக்பீர் கட்டும்போதே அந்த நிய்யத் (எண்ணம்) வேண்டும். குர்ஆன் 4:101 வசனத்தில் எதிரியின் பயம் சொல்லப்பட்டிருக்கிறதே, இப்போது அச்சமே இல்லையே என்று உமர் (ரலி) அவர்களுக்கே ஒரு கேள்வி எழுந்தது. அதற்கு நபியவர்கள், இது அல்லாஹ் உங்களுக்குக் கொடுத்த தர்மம், அவன் தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள் (முஸ்லிம்). அதனால் வெட்கப்படாமல் இரண்டு தொழுங்கள் பாய். நான் கவலைப்படுவது இரண்டு தொழுகிற டிரைவரைப் பற்றி அல்ல, 'ரோட்டில் எங்கே தொழுவது, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறாரே அவரைப் பற்றித்தான். விட்டுவிடச் சலுகை இருந்திருந்தால் சுருக்கச் சொல்லியிருக்கவே வேண்டியதில்லையே.

லோடுக்காகக் காத்துக் கிடப்பது: ஓரிடத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தங்குவது என்று முடிவு செய்தால்தான் ஹனஃபியில் நீங்கள் முகீம், அதாவது உள்ளூர்க்காரர். இன்று கிடைக்கும், நாளை கிடைக்கும் என்று இழுத்துக்கொண்டே போனால் மாதமே ஆனாலும் இரண்டுதான். இப்னு உமர் (ரலி) அவர்கள் அஜர்பைஜானில் பனி வழியை மறித்து ஆறு மாதம் இப்படிச் சுருக்கித் தொழுததாக அறிவிப்பு இருக்கிறது. ஷாஃபியீயில் கணக்கு வேறு. போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் நீங்கலாக முழுதாக 4 நாள் தங்கும் எண்ணம் வந்துவிட்டாலே முழுத் தொழுகை. இப்போதோ அப்போதோ முடியும் என்று ஒரு வேலைக்காகக் காத்திருப்பவருக்கு மட்டும் 18 நாள் வரை விடுகிறார்கள்.

இன்னொரு விஷயம், டிரைவர்கள் பலர் கவனிப்பதில்லை. வடக்கிலிருந்து தர்மபுரிக்கு லோடு கொண்டு வருகிறீர்கள், வழியில் சொந்த ஊருக்குள் வந்து வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றால், ஊருக்குள் கால் வைத்ததுமே அந்தப் பயணம் முடிந்துவிட்டது. அங்கிருந்து தர்மபுரி பக்கம்தான், ஆகவே அங்கே போயும் நாலுதான் தொழ வேண்டும்.

சேர்த்துத் தொழுவதைப் பொறுத்தவரை, ஹனஃபியில் ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர வேறெங்கும் ஒரு நேரத் தொழுகையை இன்னொரு நேரத்துக்குள் கொண்டுபோக முடியாது. ஆனால் உங்கள் சிரமத்துக்கு அதிலேயே வழி இருக்கிறது. லுஹரின் கடைசி நேரத்தில் வண்டியை ஓரம் கட்டி லுஹரைத் தொழுங்கள், ஒரு டீ குடியுங்கள், அஸர் நேரம் வந்ததும் அஸரையும் தொழுதுவிட்டு ஏறுங்கள். மஃரிப், இஷாவுக்கும் அப்படியே. ஒரே நிறுத்தத்தில் இரண்டும் முடிந்துவிடும், இரண்டும் அதனதன் நேரத்தில் இருக்கும். ஷாஃபியீக்காரர்கள் பயணத்தில் லுஹரோடு அஸரையும், மஃரிபோடு இஷாவையும் முற்படுத்தியோ பிற்படுத்தியோ சேர்க்கலாம். நபியவர்கள் சூரியன் சாய்வதற்கு முன் கிளம்பினால் லுஹரை அஸர் வரை தாமதித்துச் சேர்த்துத் தொழுதார்கள் என்ற அனஸ் (ரலி) அவர்களின் ஹதீஸ் அதற்கு ஆதாரம். பிற்படுத்துகிறவர் ஒன்றை மறக்கக்கூடாது, லுஹர் நேரம் முடிவதற்குள் 'அஸரோடு சேர்த்துத் தொழுவேன்' என்ற எண்ணம் மனதில் வந்திருக்க வேண்டும். எண்ணமே இல்லாமல் நேரத்தைக் கடத்திவிட்டால் அது களாதான் (நேரம் தவறிய தொழுகை), பாவமும் உண்டு.

கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பெங்களூரு போய் வருகிறேன். என் கூட வருகிற ஒருவர் கஸ்ர் செய்கிறார், இன்னொருவர் கூடாது என்கிறார்.
— கிருஷ்ணகிரி வாசகர்

இரண்டு பேரிடமும் ஆதாரம் இருக்கும் தம்பி, உங்கள் தூரம் அப்படி. பழைய நூல்களில் ஹனஃபி அளவு மூன்று நாள் நடைப் பயணம். அதை நம் நாட்டு உலமாக்களில் ஒரு சாரார் 48 மைல், அதாவது சுமார் 77 கி.மீ. என்று கணக்கிட்டார்கள், இன்னொரு சாரார் 92 கி.மீ. என்றார்கள். ஷாஃபியீயில் 80 கி.மீ.க்குச் சற்று மேல். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு நகரத்தின் நடுப்பகுதி சுமார் 90 கி.மீ., ஆனால் எலக்ட்ரானிக் சிட்டி சுமார் 70 கி.மீ.தான். ஆகவே 'பெங்களூரு' என்று பொதுவாகச் சொன்னால் பதில் கிடைக்காது, உங்கள் ஆபீஸ் எங்கே என்று பாருங்கள். எலக்ட்ரானிக் சிட்டியோடு திரும்புகிறவர் முழுதாகத் தொழட்டும். நகரத்துக்குள்ளே போகிறவர் தன் பள்ளிவாசல் ஹஜ்ரத் 77 கணக்கைச் சொல்பவரா 92 கணக்கைச் சொல்பவரா என்று கேட்டுக்கொண்டு அதன்படி செய்யட்டும், தினம் ஒரு மாதிரி மாற்ற வேண்டாம்.

தூரமே தேவையில்லை, மூன்று மைல் போனாலே போதும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். 'மூன்று மைல் அல்லது மூன்று ஃபர்ஸக் போனால் நபியவர்கள் இரண்டு ரக்அத் தொழுவார்கள்' என்று முஸ்லிமில் வரும் ஹதீஸை அவர்கள் எடுக்கிறார்கள். நீண்ட பயணம் போகும்போது சுருக்க ஆரம்பித்த இடத்தைத்தான் அது சொல்கிறது என்பது மத்ஹப் இமாம்களைப் பின்பற்றும் பெரும்பாலான அறிஞர்களின் விளக்கம், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

தர்மபுரியிலிருந்து குடும்பத்தோடு ஒகேனக்கல் போகிறோம். கஸ்ர் உண்டா?
— தர்மபுரி வாசகி

இல்லை சகோதரி. ஐம்பது கி.மீ.கூட வராது. அருவியில் குளித்துவிட்டு முழுதாகவே தொழுங்கள்.

எனக்குத் திருச்சி பிறந்த ஊர், கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறேன். லீவுக்குப் பத்து நாள் அம்மா வீட்டுக்குப் போனால் நான் இரண்டு தொழுகிறேன். 'பிறந்த வீட்டிலேயே பயணியா நீ' என்று அம்மா வருத்தப்படுகிறார்.
— ஓசூர் வாசகி

அம்மாவின் வருத்தம் புரிகிறது, ஆனால் நீங்கள் செய்வது ஹனஃபி சட்டப்படி சரி. நிரந்தரமாகக் கணவர் ஊரில் குடியேறிவிட்டதால் ஓசூர்தான் இப்போது உங்கள் சொந்த ஊர், திருச்சியில் 15 நாளுக்குக் குறைவாகத் தங்கும் எண்ணம் என்றால் இரண்டுதான். பிரசவத்துக்கு மாதக்கணக்கில் போனால் நாலு. நீங்கள் ஷாஃபியீ என்றால் பத்து நாள் தங்கும் எண்ணத்தோடு போவதால் போய்ச் சேர்ந்ததிலிருந்தே நாலு. அம்மாவிடம் சொல்லுங்கள், இதில் உறவு ஒன்றும் குறைந்துவிடவில்லை, மக்காவில் பிறந்த நபியவர்களே ஹஜ்ஜுக்காக மக்காவுக்கு வந்தபோது இரண்டிரண்டாகத்தான் தொழுதார்கள்.

பயணத்தில் விட்ட லுஹரை ஊருக்கு வந்து களா செய்யும்போது இரண்டா, நாலா?
— ஊத்தங்கரை வாசகர்

ஹனஃபியில் எப்படிக் கடமையானதோ அப்படியே: பயணத்தில் விட்டது வீட்டுக்கு வந்தும் இரண்டு, வீட்டில் விட்டது பயணத்திலும் நாலு. தொழுகை நேரம் முடியும் தறுவாயில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதுதான் கணக்கு. ஷாஃபியீயில் பயணத்தில் விட்டதை ஊரில் நிறைவேற்றினால் நாலு, பயணத்திலேயே நிறைவேற்றினால் மட்டும் சுருக்கலாம்.

வெளியூரில் ஜமாஅத்தில் சேர்ந்தால் இமாம் நாலு தொழவைக்கும்போது நான் மட்டும் இரண்டில் ஸலாம் கொடுத்துவிடலாமா?
— அரூர் வாசகர்

கூடாது. உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் நாலும் தொழ வேண்டும், கடைசி அத்தஹிய்யாத்தில் போய்ச் சேர்ந்தாலும் நாலுதான். இமாம் பயணியாக இருந்து நீங்கள் உள்ளூர்க்காரராக இருந்தால் அவர் இரண்டில் ஸலாம் கொடுப்பார், நீங்கள் எழுந்து மீதியைத் தொழுங்கள். உமர் (ரலி) மக்காவில் தொழவைத்துவிட்டு 'மக்காவாசிகளே, உங்கள் தொழுகையை நிறைவு செய்யுங்கள், நாங்கள் பயணிகள்' என்று அறிவித்தார்கள். நீங்கள் முன்னே நின்றாலும் அப்படிச் சொல்லிவிடுங்கள், பின்னால் நிற்கிறவர்கள் குழம்ப மாட்டார்கள்.

ஹஜ்ரத், எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. தக்காளி மண்டி வியாபாரம். ஜும்ஆ தவிர வேறு எதுவும் தொழாமல் இருபது வருடத்துக்கு மேல் போக்கிவிட்டேன், இப்போது ஐந்து வேளையும் தொழுகிறேன். ரமளான் கடைசி வெள்ளியில் நாலு ரக்அத் தொழுதால் ஆயுள் முழுக்க விட்ட களா எல்லாம் அடங்கிவிடும் என்கிறார் ஒருவர். களாவே கிடையாது, தவ்பா போதும் என்கிறார் இன்னொருவர். இரவில் தூக்கம் வருவதில்லை.
— பாலக்கோடு வாசகர்

பாய், உங்கள் கடிதத்தைப் படித்து மனது கனத்தது, சந்தோஷமும் வந்தது. தூக்கம் கெடுகிற அளவுக்கு இந்தக் கவலை வந்ததே அல்லாஹ்வின் அருள். முதலாவது ஆள் சொன்னதை இன்றே மறந்துவிடுங்கள். அந்தக் 'களா உம்ரி' பற்றிச் சொல்லப்படும் செய்தி அடிப்படையே இல்லாதது. ஹனஃபி அறிஞர் முல்லா அலீ காரீயே அது பொய் என்று எழுதிவைத்திருக்கிறார். நாலு ரக்அத்தில் இருபது வருடம் அடங்கும் என்று நம்பி எத்தனை பேர் மேற்கொண்டும் தொழாமலே இருந்துவிடுகிறார்கள், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இரண்டாவது ஆள் சொன்னதற்கு ஆள் பலம் உண்டு. வேண்டுமென்றே விட்டதற்குக் களா இல்லை, தவ்பாவும் நஃபிலும்தான் என்று இப்னு ஹஸ்ம், இப்னு தைமிய்யா போன்றவர்கள் சொன்னார்கள். ஆனால் நாலு மத்ஹபின் தீர்ப்பும் களா கட்டாயம் என்பதே. தூங்கிவிட்டவரும் மறந்தவரும் நினைவு வந்ததும் தொழ வேண்டும் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. காரணத்தோடு விட்டவருக்கே கடமை நீங்கவில்லை என்றால் காரணமில்லாமல் விட்டவருக்கு எப்படி நீங்கும்? மண்டியில் கடன் வாங்கியவர் மன்னிப்புக் கேட்டால் மட்டும் கணக்கு நேராகிவிடாது அல்லவா, பாக்கியையும் கட்ட வேண்டும்.

கட்டுவது நீங்கள் பயப்படுகிற அளவுக்கு மலை இல்லை. பருவமடைந்ததிலிருந்து எத்தனை வருடம் விட்டுப்போயிருக்கும் என்று உட்கார்ந்து யோசித்து, சந்தேகம் வந்தால் கூடுதல் பக்கமே வையுங்கள். தொழுத ஜும்ஆக்களைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு நாள் பாக்கி என்பது ஃபர்ளு 17 ரக்அத்தும் வித்ரு மூன்றும் சேர்த்து 20 ரக்அத். ஒவ்வொரு வேளைத் தொழுகையோடும் அதே வேளையின் ஒரு களா என்று சேர்த்தால் ஒரு நாளில் ஒரு நாள் கழியும், உடம்பும் நேரமும் இடம் கொடுத்தால் இரண்டு சேருங்கள். நிய்யத்தில் தேதி வேண்டாம், 'என் மீது பாக்கியுள்ள சுபுஹுகளில் முதலாவது' என்று வைத்தால் போதும். ஒரு நோட்டில் கோடு போட்டு வாருங்கள். சூரியன் உதிக்கும்போது, உச்சியில் இருக்கும்போது, மறையும்போது மட்டும் ஹனஃபியில் களா தொழக்கூடாது. விட்டது ஆறு வேளையைத் தாண்டிவிட்டதால் வரிசைக் கட்டாயமும் உங்களுக்கு இல்லை. இதைப் பள்ளியில் நாலு பேர் பார்க்கத் தொழாமல் வீட்டில் தொழுங்கள், பழைய பாவத்தை ஊருக்கு அறிவிக்க வேண்டியதில்லை. முடிவதற்குள் மவுத் வந்துவிட்டால் என்ன என்று இன்னொரு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். முயற்சியில் இருந்தவரை அல்லாஹ் அறிவான், மீதிக்கு ஃபித்யா (பரிகாரத் தர்மம்) கொடுக்கச் சொல்லி வஸிய்யத் (மரண சாசனம்) எழுதி வையுங்கள்.

அத்தா மவுத்தாகிவிட்டார்கள். நோயில் கிடந்த கடைசி மாதங்களில் சுயநினைவு இருந்தும் தொழவில்லை. நான் அவர்களுக்காகத் தொழலாமா? பணம் கொடுத்தால் ஆகுமா?
— பர்கூர் வாசகி

மகளே, ஒருவருக்காக இன்னொருவர் தொழ முடியாது. ஹனஃபியில் ஒவ்வொரு தொழுகைக்கும் ஒரு ஃபித்ரா (நோன்புப் பெருநாள் தர்மம்) அளவு, வித்ரையும் சேர்த்து நாளுக்கு ஆறு என்று கணக்கிட்டு ஏழைகளுக்குக் கொடுக்கலாம். வஸிய்யத் செய்திருந்தால் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் கொடுப்பது கட்டாயம். செய்யவில்லை என்றால் நீங்கள் உங்கள் பங்கிலிருந்து விருப்பத்தோடு கொடுக்கலாம், வயதுக்கு வராத தம்பி தங்கை பங்கில் கைவைக்கக் கூடாது. ஷாஃபியீயின் பிரதான கருத்தில் தொழுகைக்கு ஃபித்யா இல்லை, துஆவும் தர்மமும் செய்யுங்கள். எந்த மத்ஹபானாலும் துஆவை நிறுத்தாதீர்கள்.

தர்மபுரியிலிருந்து சென்னைக்கு இரவு பஸ். சுபுஹு நேரத்தில் டிரைவர் நிறுத்த மாட்டேன் என்கிறார்.
— பென்னாகரம் வாசகர்

ஏறும்போதே டிரைவரிடமும் கண்டக்டரிடமும் சொல்லி வையுங்கள், எப்படியும் டீக்கு எங்காவது நிறுத்துவார்கள், அதைப் பத்து நிமிடம் முன்பின் தள்ளிக்கொள்ளப் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். ஒளுவுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் தாராளம். ஃபர்ளுக்கு நபியவர்கள் வாகனத்திலிருந்து இறங்கித்தான் தொழுதார்கள், ஆகவே இறங்க முடிந்தால் இறங்குவதே முறை. எவ்வளவு கேட்டும் நிறுத்தவில்லை, சூரியன் உதித்துவிடும் என்ற நிலை வந்தால் சீட்டிலேயே முடிந்த அளவு தொழுங்கள், இறங்கிய பிறகு அதையே திரும்பத் தொழுதுவிடுங்கள். இதில் இரண்டு மத்ஹபும் ஒன்றுதான்.