எக்ஸ்ரேயில் தெரிந்த முள்ளெலும்பு நழுவல் எம்ஆர்ஐயில் ஏன் காணோம்?

நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் எல்4 எலும்பு (கீழ்முதுகின் நான்காவது முள்ளெலும்பு) முன்னால் நழுவியிருக்கிறது, எம்ஆர்ஐ அறிக்கையோ நேராக இருக்கிறது என்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் நம்பலாம்.

எம்ஆர்ஐக்கு மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். பெரும்பாலும் முழங்காலுக்கு அடியில் ஒரு திண்டும் இருக்கும். உடல் எடை கீழ்முதுகில் இறங்காது, தசையும் தளரும். நழுவிய எலும்பு பழைய இடத்துக்கே போய்விடலாம். எழுந்து நின்றால் மறுபடி முன்னே வரும். வயதாகி மூட்டு தேய்வதால் வரும் நழுவலில், அதிலும் எல்4-எல்5 மட்டத்தில், இது அடிக்கடி நடப்பதுதான்.

படுத்து எடுத்த படமும் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். எலும்பு நேராக இருந்தாலும், பின்பக்கச் சிறு மூட்டுகளுக்குள் நீர் தேங்கி வெள்ளைக் கீற்றாகத் தெரிந்தால், அங்கே ஆட்டம் இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அறிக்கையில் அந்த வரி இருக்கிறதா பாருங்கள்.

குனிந்தும் பின்னால் வளைந்தும் எடுக்கும் எக்ஸ்ரே உண்டே என்பீர்கள். வலி உள்ளவர் பாதிதான் குனிவார், அசைவும் குறைவாகவே பதிவாகும். அதைவிட, நின்று எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரேயை எம்ஆர்ஐ பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பல சமயம் வித்தியாசம் நன்றாகத் தெரியும். நரம்பு நசுங்குகிறதா என்பதற்கு எம்ஆர்ஐ தேவை. நழுவலின் அளவைத் தரம் பிரிக்கும் மேயர்டிங் முறையில், கீழே உள்ள எலும்பின் முன்-பின் நீளத்தில் 25 சதவீதத்துக்குள் நழுவியிருந்தால் முதல் தரம், அதாவது மிக லேசானது. அதை நின்ற படத்தில் அளக்கச் சொல்லுங்கள்.