கிட்டங்கி வாழ்க்கை இனிப் பொருந்துமா?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பள்ளத்தூர். கணவரின் வேலையை முன்னிட்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குக் குடிவந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இடிகல்லில் மிளகு இடித்துக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டு அம்மாள் படியேறி வந்து கடுமையாக ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் அவரைக் காணவே அச்சமாக இருக்கிறது. ஊரிலிருக்கும் அப்பத்தாவோ, "பாட்டையா ரங்கூனில் நம் ஆட்களோடு மட்டுந்தானே இருந்தார்? நீயும் அப்படியே இருந்துகொள், ஆத்தா" என்கிறார். இங்கே தமிழ்க் குடும்பங்கள் பல உள்ளன. ஜெர்மன் கற்காமலே காலம் தள்ள முடியாதா? மூன்று வயது மகனிடம் எந்த மொழியில் பேசுவது?

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் அப்பத்தா சொல்வது பொய்யன்று, ஆனால் அது வேறொரு பயணத்துக்குரிய அறிவுரை. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வட்டித்தொழில் செய்யப் போன நம் நகரத்தார் முன்னோர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு ஒப்புக்கொண்டு, மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகக் கப்பலேறினார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில், கடையும் தங்குமிடமும் ஒன்றாக இருந்த கிட்டங்கியில், வரிசையாகப் பெட்டியடியில் (அவரவர் கணக்குப் பெட்டி வைத்த இடத்தில்) அமர்ந்து தொழில் செய்தார்கள். நம் சமையல்காரர் ஆக்கியதை உண்டு அங்கேயே உறங்கினார்கள். கும்பிடுவதற்கு 1859-இல் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணிக்குக் கோயிலும் எழுப்பிக்கொண்டார்கள். தவணை முடிந்ததும் சொந்த வீட்டு முகப்பில் வந்து இறங்கிவிடுவோம் என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. நீங்களோ குழந்தையோடு குடித்தனம் போயிருக்கிறீர்கள். அவனுடைய ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் பேச வேண்டியவர் நீங்கள்தான். வளவை, அதாவது ஊர் வீட்டைக் காத்துக்கொண்டு கடிதத்துக்காகக் காத்திருந்த ஆச்சிமார்களுக்கு இந்த நிலை நேர்ந்ததே இல்லை என்பதால், அவர்களிடம் இதற்கு விடை கிடைக்காததில் வியப்பில்லை.

நானும் காரைக்குடியிலிருந்து போய் ஜெர்மனியில் ஆறு ஆண்டுகள் குடியிருந்தவள். முதல் ஆண்டு முழுவதையும் தமிழ் வீடுகளுக்குள்ளேயே கழித்துவிட்டு, நள்ளிரவில் மகளுக்குக் காய்ச்சல் முற்றியபோது 112 என்ற அவசர எண்ணை அழைத்து, எங்கள் தெருப் பெயரைக்கூடப் புரியும்படி சொல்ல இயலாமல் தவித்தேன். அந்தத் தவிப்பு உங்களுக்கு நேரக் கூடாது.

அரசு அங்கீகரித்த ஒருங்கிணைப்பு வகுப்பு அங்கே உண்டு. பொதுவாக 600 பாடவேளைகள் மொழிக்கும், 100 பாடவேளைகள் அந்நாட்டுச் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறை ஆகியவற்றுக்கும் ஒதுக்கப்படுகின்றன. 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே' எனப்படும் மக்கள் கல்வி நிலையத்தில் விசாரியுங்கள். மகன் கிண்டர்கார்ட்டனில் இருக்கும் காலைப் பொழுதில் வகுப்பு கிடைத்தால் உடனே சேர்ந்துவிடுங்கள். 'நீ', 'நீங்கள்' போல அங்கே 'டூ', 'ஸீ' என்ற வேறுபாடு உண்டு. மரியாதைப் பன்மையில் பேசி வளர்ந்த நமக்கு அது எளிதில் பிடிபடும்.

இனிக் கீழ்வீட்டு அம்மாளின் செய்தி. ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாகக் காக்கும் பிரிவு ஜெர்மனியின் 1919-ஆம் ஆண்டு வைமர் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டு, அந்நாட்டின் இன்றைய அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்திலும் நீடிக்கிறது. பெரும்பாலான கடைகளே அன்று திறப்பதில்லை என்றால், இடிகல்லின் ஓசை தளத்தின் வழியே அவர் கூடத்தில் எப்படிக் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குறையை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது அங்கே வழக்கம். நம் ஊரில் அது சண்டைக்கு அடையாளம் என்பதால்தான் நீங்கள் நடுங்கிவிட்டீர்கள். ஒரு மாலையில் கொஞ்சம் பலகாரத்தோடு போய், 'என்ட்ஷுல்டிகுங்' என்று மன்னிப்புக் கேளுங்கள். ஸ்டுட்கார்ட் பகுதியில் குடியிருப்போர் முறைவைத்துப் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்கும் 'கேர்வோகே' என்ற வழக்கமும் உண்டு. உங்கள் முறை வரும் வாரத்தில், ஊரில் விடியுமுன் வாசல் தெளிப்பது போன்ற அக்கறையோடு அதைச் செய்யுங்கள். அந்த அம்மாளின் மதிப்பைப் பெற இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

மகனிடம் தமிழிலேயே பேசுங்கள். ஜெர்மனை அவன் தோழர்களிடமிருந்து கற்றுக்கொள்வான். அப்பத்தாவோடு பேசும் தமிழை உங்களிடமிருந்துதான் பெற முடியும்.

கேள்வி: என் மகள் அடுத்த மாதம் ஜெர்மனிக்குப் போகிறாள். நெய்யும் பால்கோவாவும் கொடுத்தனுப்பலாமா? (தேவகோட்டை வாசகி)

பதில்: வேண்டாம், அம்மா. இந்தியாவிலிருந்து போகும் பயணிகள் இறைச்சியையும் பால் பொருள்களையும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. இட்லிப் பொடியும் சாம்பார்ப் பொடியும் நன்றாகக் கட்டிக் கொடுங்கள். அதைவிட முக்கியமாக, மகளின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலியாக உள்ளதா என்று இன்றே பாருங்கள். தகப்பனார் பெயரை முன்னெழுத்தாக மட்டும் எழுதும் நம் வழக்கம் அந்நாட்டு அலுவலகங்களுக்குப் புரிவதில்லை. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்தாக வேண்டும். அந்த முதல் படிவத்திலேயே பெயர்க் குழப்பம் தொடங்கிவிடும் என்பதால், புறப்படும் முன்பே அதற்கு வழி கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.